ஊருணிப் படியில் உட்காரும் தட்டானுக்கு என்ன பெயர்? பூச்சிப் பெயர்களையும் ஆய்வு நூல்களையும் தேடிப் பிடிக்கும் வழி

செட்டிநாட்டில் எந்த ஊருணிக்காவது வெயில் ஏறிய பிறகு போய்ப் படிக்கல்லை உற்றுப் பாருங்கள். கல்லின் நிறத்திலேயே, சாம்பலும் கறுப்பும் கலந்த தட்டான் ஒன்று கல்லோடு கல்லாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். நிழல் பட்டால் எழுந்து, நாலடி தள்ளி மறுபடியும் கல்லிலேயே போய் அமரும். கிணற்றுச் சுவரிலும் வீட்டு மதிலிலும் சிமெண்ட் தொட்டி விளிம்பிலும் இதே பூச்சியைப் பார்க்கலாம். ஊர்ப்பிள்ளைகளுக்கு அது தட்டாரப்பூச்சி. அதன் அறிவியல் பெயர் என்ன, அந்தப் பெயர் இன்றைக்கும் செல்லுமா, யார் எப்போது அதைப் பற்றி எழுதினார்கள், அந்த எழுத்தை எங்கே படிக்கலாம் என்று தேடும் வழியை இந்த ஒரு பூச்சியைக் கையில் பிடித்துக்கொண்டே சொல்கிறோம். வழி தெரிந்துவிட்டால் எறும்புக்கும் வண்டுக்கும் அதுவே போதும்.

கைப்பேசியில் படத்தைக் காட்டினால் செயலி ஒரு பெயரைச் சொல்லிவிடும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது சரியா என்று சொல்ல நூல் வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பூச்சியைப் பார்ப்பதில் இல்லை. அந்த நூலைத் தேடுவதில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கே பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். தேடும்போது ரோமன் எழுத்தில்தான் தேட வேண்டும். காதில் விழுந்த ஒலியை வைத்து எழுத்துக் கூட்டித் தட்டாதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் பழைய நூல் தளங்கள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடும். ஏதாவது ஒரு நல்ல பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு.

தேடுவதற்கு முன்

குறைந்தது நான்கு படங்கள் எடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், முகம், சிறகு விரிந்த நிலை. எடுத்த இடம், தேதி, நேரம், நீர்நிலையின் வகை இவற்றை அன்றைக்கே குறித்துவிடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று அவசியம். எறும்பு, சிறுகுளவி, சிறுவண்டு என்று இறங்கினால் பத்திலிருந்து நாற்பது மடங்கு வரை காட்டும் ஸ்டீரியோ நுண்ணோக்கி இல்லாமல் முடியாது.

கால்களை எண்ணுங்கள். சொல்லத் தேவையில்லாத விஷயம்போல் தோன்றும். ஆனால் மழை பெய்ததும் நம் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் துணிபோல ஊர்ந்து வரும் தம்பலப்பூச்சியைப் பூச்சி நூல்களில் தேடிக் களைத்துப்போகிறவர்கள் உண்டு. அதற்கு எட்டுக் கால். அது உண்ணி இனத்தோடு சேர்ந்தது. பூச்சி நூல் எதிலும் கிடைக்காது.

பூச்சியைப் பிடிப்பதாக இருந்தால் இடத்தைப் பாருங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் காட்டு நிலத்திலும் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சில வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன. கோயில் ஊருணி என்றால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது மரியாதை.

முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள்

வகைப்பாட்டு நூல்கள் எல்லாமே குடும்பவாரியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர்ப்பெயரையோ நிறத்தையோ கொண்டு நேராகச் சிற்றினத்துக்குத் தாவினால் நூலகத்தில் எந்த அலமாரி என்றே தெரியாது. குடும்பம் தெரிந்தால் தேட வேண்டியது பத்து நூலுக்குள் சுருங்கிவிடும்.

விலங்குகளின் குடும்பப் பெயர் 'இடே' என்று முடியும், துணைக்குடும்பம் 'இனே' என்று முடியும். பூச்சிப் பெயர் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அந்த முடிவை வைத்தே எந்தப் படிநிலை என்று சொல்லிவிடலாம். நம் ஊருணித் தட்டானின் பின்சிறகில் நரம்புகள் சேர்ந்து மனிதப் பாதத்தின் வடிவில் ஒரு வளையம் கட்டியிருக்கும். அது லிபெல்லுலிடே குடும்பத்தின் அடையாளம். இதற்குச் சிறகு விரிந்த படம் ஒன்று போதும்.

குடும்பத்துக்கு மேல் படியான 'வரிசை'யின் பெயர்களில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவை காலத்துக்குக் காலம் மாறியவை. உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் காலத்தில் தட்டான்கள் நியூரோப்டெரா வரிசையில் இருந்தன, இன்று ஒடோனேட்டா. மூட்டைப்பூச்சி, சாறு உறிஞ்சும் பூச்சி வகைகளைப் பழைய நூல்கள் ரிங்கோட்டா என்கின்றன, இன்று ஹெமிப்டெரா. கரையான்களுக்கு ஐசாப்டெரா என்று தனி வரிசை இருந்தது. கரையான்கள் கரப்பானின் கிளை என்று தெளிவானதும் பிளாட்டோடியா வரிசைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே செட்டிநாட்டு வீட்டு உத்தரத்தை அரிக்கும் கரையானைப் பற்றிப் படிக்கப் புதுப்பெயரை மட்டும் போட்டுத் தேடினால் முக்கால்வாசி நூல் கண்ணில் படாது. ரூன்வாலும் சோட்டானியும் 1989இல் எழுதிய தொகுதியும், சோட்டானி 1997இல் எழுதிய இரண்டாம் தொகுதியும் ஐசாப்டெரா என்ற தலைப்பில்தான் இருக்கின்றன. இந்தியக் கரையானுக்கு அவற்றைத் தாண்டிப் போக முடியாது.

இன்றைய பெயர் எங்கே கிடைக்கும்

கேட்டலாக் ஆஃப் லைஃப், ஜிபிஃப் என்ற இரண்டு பெரிய தளங்களில் எந்த உயிரின் பெயரையும் தட்டிப் பார்க்கலாம். தொடங்க நல்ல இடம். ஆனால் அவை பல சிறு பட்டியல்களைத் திரட்டி வைத்தவை. சில குழுக்களின் பட்டியல் நேற்று திருத்தியதுபோல் இருக்கும், சிலவற்றில் பல ஆண்டுப் பழமை தெரியும். இரண்டு தளமும் ஒரே பெயரைச் சொன்னால் இரண்டு சாட்சி கிடைத்ததாக எண்ணிவிடாதீர்கள். ஒன்றிலிருந்து மற்றது எடுத்திருக்கக்கூடும்.

அதைவிட அந்தந்தக் குழுவின் நிபுணர்கள் நடத்தும் பட்டியலே மேல். எறும்புக்கு ஆண்ட்கேட், படங்களுக்கு ஆண்ட்வெப். வெட்டுக்கிளி, சிள்வண்டு வகைகளுக்கு ஆர்த்தாப்டெரா ஸ்பீஷிஸ் ஃபைல். ஈ, கொசு வகைகளுக்கு சிஸ்டமா டிப்டெரோரம். தேனீக்களுக்கு டிஸ்கவர் லைஃப். தட்டான்களுக்கு ஒடோனேட்டா சென்ட்ரல் தளத்தில் இருக்கும் உலகப் பட்டியல். இந்தியப் படங்களோடு பார்க்க 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா', 'ஒடோனேட்டா ஆஃப் இந்தியா', 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரே குடும்பமாக இயங்கும் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு பதிவும் சரிபார்த்த பிறகே ஏறுகிறது.

அடுத்தது நாட்டுப் பட்டியல். உலகப் பட்டியலில் ஆயிரக்கணக்கில் இருப்பதை இந்தியாவுக்கு என்று சுருக்கித் தருவது இதுதான். தெற்காசியத் தட்டான்களுக்கு 2020இல் சூடாக்ஸா இதழில் ஒரு முழுப் பட்டியல் வந்தது. இந்திய எறும்புகளுக்கு 2016இல் சூகீஸ் இதழில், எந்த எறும்பு எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது என்ற விவரத்தோடு ஒரு பட்டியல் இருக்கிறது; இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 'தமிழ்நாட்டில் பதிவில்லை' என்று பட்டியல் சொன்னால் பூச்சி இங்கே இல்லை என்று அர்த்தமாகாது, யாரும் எழுதி வைக்கவில்லை என்றுதான் அர்த்தம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போன கண்கள் நம் கண்மாய்க் கரைக்கு அவ்வளவாக வந்ததில்லை.

இப்படித் தேடினால் நம் தட்டானுக்குக் கிடைப்பது: பிராடினோபைகா ஜெமினாட்டா (ராம்பூர், 1842).

அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது

பெயரை எழுதிக்கொண்டு ஆசிரியரையும் ஆண்டையும் விட்டுவிடுபவர்கள் திறவுகோலை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த வரியை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள்.

பிராடினோபைகா பேரினம். ஜெமினாட்டா சிற்றினப் பெயர். ராம்பூர் என்பவர் 1842இல் இந்தச் சிற்றினத்தை முதலில் விவரித்தார். அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பதால், அவர் இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அலங்காரத்துக்குப் போடும் குறி இல்லை அது. அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் 'ராம்பூர் பிராடினோபைகா என்றே எழுதினார்' என்று பொருளாகிவிடும். அவர் எழுதியது லிபெல்லுலா ஜெமினாட்டா. பிராடினோபைகா என்ற பேரினத்தை 1893இல் உண்டாக்கியவர் கிர்பி. எனவே 1842ஆம் ஆண்டு நூலில் பிராடினோபைகா என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது. லிபெல்லுலா என்று தேட வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம், பெயரின் பால். சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப அதன் ஈறு மாறும். நம் வீட்டு வாசலில் ஓடும் கட்டெறும்பு கேம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ் (ஃபேப்ரிசியஸ், 1787). லின்னேயஸின் மாணவரான ஃபேப்ரிசியஸ் எழுதியதோ ஃபார்மிகா கம்ப்ரெசா. ஃபார்மிகா பெண்பால், கேம்போனோட்டஸ் ஆண்பால், ஈறு மாறிவிட்டது. 'கம்ப்ரெசஸ்' என்று ஃபேப்ரிசியஸ் நூலில் தேடி 'இல்லை' என்று திரும்பியவர்கள் அந்த ஒரு ஈற்றை மாற்றித் தேடியிருந்தால் போதும்.

ஆசிரியர் பெயரைச் சுருக்கி எழுதும் பழக்கம் பழைய நூல்களில் நிறைய. ஒற்றை 'எல்' என்றால் லின்னேயஸ். 'எஃப்', 'ஃபேப்', 'ஃபேபர்' மூன்றும் ஃபேப்ரிசியஸ்தான். ஆண்டு சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால், நூலில் அச்சாகாத அந்த ஆண்டை வேறு சான்றுகளால் பிறகு கண்டுபிடித்தார்கள் என்று பொருள்.

ஆண்டு ஏன் சில பட்டியல்களில் வேறுபடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். கண்மாய்க் கரையில் பறக்கும் பச்சையும் கறுப்பும் கலந்த ஆர்த்தெட்ரம் சபைனா, செக்கச் சிவந்த குரோகோதெமிஸ் சர்விலியா இரண்டுக்கும் பெயரிட்டவர் ட்ரூரி. அவருடைய முதல் தொகுதி 1770இல் வந்தது, ஆனால் அதில் இலத்தீன் பெயர்கள் இல்லை. 1773இல் இரண்டாம் தொகுதியோடு வந்த பெயர்ப்பட்டியலில்தான் அவை ஏறின. அதனால் ஒருவர் 1770 என்பார், இன்னொருவர் 1773 என்பார். இரண்டு ஆண்டைப் பார்த்ததும் இரண்டு வேறு பூச்சி என்று எண்ணிவிடக் கூடாது.

பெயரிடலின் சட்டம் விலங்கியல் பெயரிடல் பன்னாட்டு விதித்தொகுப்பில் இருக்கிறது. இப்போது நடப்பது 1999இல் வெளியாகி 2000 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள நான்காம் பதிப்பு. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். லின்னேயஸ் நூலின் பத்தாம் பதிப்பு வெளியான 1758தான் தொடக்க எல்லை. ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் இருந்தால் பொதுவாக முந்தியது நிற்கும், பிந்தியது இணைப்பெயராகும். வெவ்வேறு பூச்சிக்கு ஒரே பெயர் விழுந்தால் பிந்தியதற்குப் புதுப்பெயர் வேண்டும். தாவரங்களுக்குத் தனிச் சட்டம் என்பதால் ஒரு செடியும் ஒரு பூச்சியும் ஒரே பேரினப் பெயரோடு இருக்கலாம். பியரிஸ் என்று தேடினால் வெள்ளை வண்ணத்துப்பூச்சியோடு ஒரு பூச்செடியும் வந்து நிற்பது அதனால்தான். தேடும்போது குடும்பப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

முதல் விவரிப்பைக் கண்ணால் பார்க்க

இதற்கு பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இலவசத் தளம். பி.எச்.எல். என்பார்கள். பழைய நூல்களை முழுக்க ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அறிவியல் பெயரைக் கொடுத்தால் அது வரும் பக்கங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும். வேண்டிய பக்கங்களை மட்டும் பி.டி.எஃப். ஆக இறக்கலாம். நானூறு பக்க நூலை முழுசாக இறக்கிக் கைப்பேசியைத் திணறவைக்க வேண்டியதில்லை.

தேடி வரவில்லையா? பெரும்பாலும் காரணம் எந்திர வாசிப்பின் பிழை. 1700களின் அச்சில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' எழுத்து, பார்க்க 'எஃப்' போலவே நீண்டிருக்கும். எந்திரம் அதை 'எஃப்' என்றே படித்துவைத்திருக்கும். அப்போது பெயரால் தேடுவதை விட்டுவிட்டு, உலகப் பட்டியலில் கொடுத்திருக்கும் நூல் தலைப்பு, தொகுதி, பக்க எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேராக அந்தப் பக்கத்துக்குப் போங்கள். ஃபேப்ரிசியஸ் ஒவ்வொரு பேரினத்திலும் சிற்றினங்களுக்கு வரிசை எண் போட்டிருப்பார்; அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு போனால் தடுமாற்றம் இல்லை. தளத்தில் காட்டும் பக்க வரிசையும் அச்சில் உள்ள பக்க எண்ணும் ஒன்றாக இருக்காது. முன்னுரை, படத்தாள் எல்லாம் இடையில் நுழைந்திருக்கும். அச்சு எண்ணை நம்புங்கள்.

ராம்பூர் எழுதியது பிரெஞ்சில்; நூலின் தலைப்பே 'நெவ்ரோப்டேர்', அதாவது தட்டான்கள் நியூரோப்டெராவில் இருந்த காலம். ஃபேப்ரிசியஸ் இலத்தீன். பர்மைஸ்டர் என்ற இன்னொரு பழைய ஆசிரியர் ஜெர்மன். மலைத்துப்போக வேண்டாம். பழைய விவரிப்புகள் பல, நான்கைந்து வரிதான். 'அலே' என்றால் சிறகுகள், 'கபுட்' தலை, 'நிகர்' கறுப்பு, 'ஃபெருஜினியஸ்' துரு நிறம், 'ஹாபிடாட்' என்ற சொல்லுக்குப் பிறகு வருவது ஊர். இருபது சொல் பழகினால் ஃபேப்ரிசியஸை ஓரளவு படித்துவிடலாம்.

ஆனால் அந்தக் குறுகிய விவரிப்பை வைத்துப் பூச்சியை அடையாளம் காண முயலாதீர்கள். 'சிறகு தெளிவு, உடல் கறுப்பு' என்ற வரிக்குப் பத்துப் பூச்சி பொருந்தும். பெயரைத் தாங்கி நிற்பது விவரிப்பைவிட, அருங்காட்சியகத்தில் இருக்கும் வகைமாதிரி என்னும் அந்த ஒரே உடல். ஃபேப்ரிசியஸ் பார்த்த தென்னிந்தியப் பூச்சிகள் பல தரங்கம்பாடியிலிருந்து டேனியர்கள் அனுப்பியவை. அவருடைய மாதிரிகளில் பெரும்பகுதி இன்று கோபன்ஹேகனில் இருக்கின்றன. பிற்கால ஆய்வாளர் ஒருவர் அந்த மாதிரியை நேரில் பார்த்து மறுபடி விவரித்து எழுதிய கட்டுரைதான் உங்களுக்கு வேண்டியது. அதை மறுஆய்வு என்கிறோம். ஆங்கிலப் பேச்சில் ரிவிஷன்.

கீ உள்ள நூல்கள்

ஒவ்வொரு படியிலும் 'இதுவா அதுவா' என்று இரண்டு வாக்கியம் கேட்டு வழிநடத்துவது இனங்காணும் சாவி. எல்லோரும் கீ என்றே சொல்கிறார்கள். இந்தியாவுக்கு அடிப்படை, 1888இல் தொடங்கிய 'ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' வரிசை. பி.எச்.எல். தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். நினைவில் வைக்க வேண்டிய சில: அந்துப்பூச்சிகளுக்கு ஹாம்ப்சனின் நான்கு தொகுதிகள், 1892 முதல் 1896 வரை. குளவி, தேனீக்களுக்கு பிங்காம் 1897, எறும்புகளுக்கு அவரே 1903. நீள்கொம்பு வண்டுகளுக்கு கஹான் 1906. காண்டாமிருக வண்டு, சாணி உருட்டும் வண்டு குடும்பத்துக்கு ஆரோவின் மூன்று தொகுதிகள். தட்டான்களுக்கு ஃப்ரேசர் 1933, 1934, 1936. ஊசித்தட்டான்கள் முதல் தொகுதியில் தொடங்குகின்றன, லிபெல்லுலிடே மூன்றாவதில்.

ஃப்ரேசரின் மூன்றாம் தொகுதியில் நம் தட்டானைப் படித்துப் பார்த்தால், சிறகின் நுனிக்கு அருகில் உள்ள தடித்த சிறு கட்டம், அதாவது டெரோஸ்டிக்மா, நடுவில் கறுப்பும் இரண்டு முனையிலும் வெள்ளையுமாக இருப்பதே முக்கிய அடையாளம் என்று புரியும். கைலென்ஸில் தெளிவாகத் தெரியும். படமாக இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள்.

இங்கேதான் பழைய நூலோடு நின்றுவிடக் கூடாது என்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2020இல் மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியிலிருந்து பிராடினோபைகா கொங்கணென்சிஸ் என்ற புதிய சிற்றினத்தை சூடாக்ஸாவில் விவரித்தார்கள். 1936ஆம் ஆண்டுக் கீயில் அதற்கு இடமே இல்லை. அந்தக் கீ, கேட்ட கேள்விக்கு எப்படியாவது ஒரு பதிலைச் சொல்லிவிடும். புதியதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாலும் பழைய பெயருக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே பழைய கீயில் ஒரு பெயர் வந்ததும், அந்தப் பேரினப் பெயரோடு 'எஸ்பி. நோவ்.' என்று சேர்த்து, பழைய நூலின் ஆண்டுக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். எஸ்பி. நோவ். என்றால் புதுச் சிற்றினம். 'காம்ப். நோவ்.' என்றால் வேறொரு பேரினத்துக்கு மாற்றம். 'சின். நோவ்.' என்றால் இது அதனோடு ஒன்று என்ற முடிவு. இந்த மூன்றையும் பேரினப் பெயரோடு மாற்றி மாற்றிப் போட்டால், எண்பது தொண்ணூறு ஆண்டில் நடந்த மாற்றங்களில் பெரும்பாலானவை கைக்கு வந்துவிடும். ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே அதை மேற்கோள் காட்டியவற்றைத் திறக்கும் இணைப்பு உண்டு. ஃப்ரேசரின் நூலுக்குக் கீழே அதைத் திறந்து, அதற்குள்ளேயே பேரினப் பெயரைத் தேடுவது இன்னும் கூர்மையான வழி.

கீயில் தவறு நேரும் இடங்கள்: பல தட்டான் கீகள் முதிர்ந்த ஆணை மனத்தில் வைத்து எழுதியவை. பெண்ணையோ இளசையோ வைத்துக்கொண்டு நிறம் கேட்கும் படியில் விழுந்தால் வழி தவறிவிடும். இலங்கைக்கோ மலேசியாவுக்கோ எழுதிய கீயை இங்கே பயன்படுத்தினால் நம் சிற்றினம் அதில் இல்லாமலே போகலாம். முன்னுரையில் எந்த நாடு, எந்தப் பால், எந்தப் பருவம் என்று படித்துவிட்டு முதல் கேள்விக்குப் போங்கள். முடிவில் வந்த பெயரின் முழு விவரிப்பையும் வரிவரியாகப் பொருத்திப் பார்க்காமல் எழுதி வைக்காதீர்கள்.

பணம் கேட்கும் கட்டுரைகள்

சூகீஸ், கோவையிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டெண்ட் டாக்ஸா இரண்டும் எல்லோருக்கும் திறந்தவை. 1907இல் இந்தியன் மியூசியம் பெயரில் தொடங்கி இன்று இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் ரெக்கார்ட்ஸாக வரும் இதழும் இணையத்தில் கிடைக்கிறது. சூடாக்ஸாவில் ஒரு பகுதி இலவசம், மற்றவை கட்டணம். கட்டணக் கட்டுரை என்றால் அதன் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் யார், எந்தப் பூச்சிக்காக எந்தக் கட்டுரை வேண்டும் என்று மூன்று வரி போதும். வகைப்பாட்டு ஆய்வாளர்களுக்கு வாசகர் குறைவு; கேட்பவருக்கு மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசம். மாவட்ட அளவிலான பூச்சிப் பட்டியல்கள் பல, இதழில் வராமல் அங்கேயே தங்கியிருக்கின்றன. ஆனால் ஆய்வேட்டில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் எடுக்க வேண்டாம். எழுத்துப்பிழையோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகலான பெயர்கள் ஏராளம். மாதிரி எண்ணும் அது வைக்கப்பட்ட இடமும் குறிப்பிட்டிருந்தால் நம்பிக்கை கூடும்.

அரசு உயர்கல்வி நிறுவனத்தில் படிப்பவர்கள், கட்டண ஆய்விதழ்களைப் படிக்க 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் தங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. வெளியாள் என்றால் அனுமதி கேட்டுப் பாருங்கள். மாதிரியையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகமும் உண்டு. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

பழைய ஊர்ப்பெயர்கள்

இதை வெளியூர்க்காரர் எழுதிய வழிகாட்டி எதுவும் உங்களுக்குச் சொல்லாது. 'செட்டிநாடு' என்றோ 'சிவகங்கை மாவட்டம்' என்றோ தேடினால் பழைய பதிவுகள் கிடைப்பது அரிது. செட்டிநாடு ஒரு நாளும் மாவட்டமாக இருந்ததில்லை. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். முதலில் அதன் பெயரும் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். அதற்கு முன் இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டம்; ஆங்கிலத்தில் ராம்நாட். அந்த மாவட்டமே 1910இல் உருவானது. அதற்கும் முன் மதுரை. பழைய எழுத்தில் 'மதுரா'.

ராயவரம், பொன்னமராவதி பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களுக்கு வேறு கதை. அவை 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு 1974 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம், அதன் பிறகே புதுக்கோட்டை மாவட்டம். ஆகவே 1960இல் அங்கே பிடித்த வண்டின் சீட்டில் 'டிரிச்சினோபோலி' என்று இருந்தால் காவிரிக் கரையைத் தேடிப் போகாதீர்கள், இது நம் ஊர்ப் பூச்சியாகவும் இருக்கலாம். ரோமன் எழுத்தில் காரைக்குடியையும் தேவகோட்டையையும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். எல்லா வடிவத்திலும் தேடுங்கள். 'மெட்ராஸ்' என்று மட்டும் இருந்தால் அது நகரமா மாகாணமா என்று அந்த நூலின் முன்னுரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயலுக்கும் வீட்டுக்கும்

பயிர்ப்பூச்சியின் பெயர் மாறினால் பழைய ஆராய்ச்சி முழுதும் வேறொரு பெயருக்கு அடியில் புதைந்துவிடும். மருந்துக் கடையில் இன்றைக்கும் 'புரொடீனியா புழு' என்று கேட்கிறார்கள். ஃபேப்ரிசியஸ் 1775இல் நாக்டுவா லிட்டூரா என்றார். நெடுங்காலம் புரொடீனியா லிட்டூரா. இன்று ஸ்போடாப்டெரா லிட்டூரா. மூன்றையும் போட்டுத் தேட வேண்டும். அதிலும் ஒரு கண்ணி: பழைய நூல்களில் புரொடீனியா லிட்டூரா என்ற பெயரிலேயே ஆப்பிரிக்க, மத்தியதரைக்கடல் பகுதியின் ஸ்போடாப்டெரா லிட்டோராலிஸையும் எழுதியிருக்கிறார்கள். எகிப்தில் செய்த ஆய்வின் முடிவை நம் கடலைக் கொல்லைக்கு எடுத்துக்கொள்ளும் முன் எந்த நாடு என்று பாருங்கள். கடலையின் சுருள் பூச்சிக்கு ஸ்டோமோப்டெரிக்ஸ், அப்ரோஏரிமா இரண்டு பேரினப் பெயரையும் போடுங்கள். பச்சைக் காய்ப்புழு ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. அந்தப் பேரினம் 1965இல் வந்தது, பழைய ஆய்வெல்லாம் ஹீலியோதிஸ்.

தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளுக்கு ஃபிளெட்சர் 1914இல் எழுதிய நூலும், ராமகிருஷ்ண அய்யர் 1940இல் எழுதிய கையேடும் இன்றும் திறக்கத் தக்கவை. பெயர்கள் பழையவை, பழக்கவழக்க விவரம் பழுதில்லாதது. பெரிய வீட்டுக் கதவு நிலையிலும் உத்தரத்திலும் பொடி கொட்டினால் ஸ்டெபிங் 1914, பீசன் 1941 இரண்டிலும் மரம் துளைக்கும் வண்டுகளைத் தேடுங்கள். மரத்தின் பெயரைக் கொண்டு தேட முடிவது அவற்றின் பெரிய வசதி.

எழுதி வைப்பது

இறக்கிய ஒவ்வொரு கோப்புக்கும் ஆசிரியர், ஆண்டு, குழு என்ற வரிசையில் பெயர் வையுங்கள். ஜோடெரோ என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்லது. கூடவே ஓர் அட்டவணை வேண்டும்: இன்றைய பெயர், முதல் பெயர், ஆசிரியரும் ஆண்டும், இணைப்பெயர்கள், எந்தக் கீயின் எந்தப் படி வழியாக வந்தீர்கள், எந்தப் பட்டியலை எந்தத் தேதியில் பார்த்தீர்கள். தேதி முக்கியம், பட்டியல்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

பேரினத்தின் முதலெழுத்து பெரியது, சிற்றினத்தின் முதலெழுத்து சிறியது, இரண்டும் சாய்வெழுத்தில். ஆசிரியர் பெயர் சாய்வெழுத்தில் வராது. சிற்றினம் உறுதியாகவில்லை என்றால் பேரினத்துக்குப் பிறகு 'எஸ்பி.' என்று மட்டும் எழுதுங்கள். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் ஒப்பிட வேண்டும் என்றால் 'சிஎஃப்.' போடுங்கள். டெரோஸ்டிக்மாவின் இரு முனை வெள்ளையும் படத்தில் தெரியாமல், கல்லில் உட்கார்ந்திருந்தது என்பது மட்டுமே ஆதாரமாக இருக்கும்போது, ஊருணித் தட்டானின் சீட்டில் 'பிராடினோபைகா எஸ்பி.' என்று எழுதி, கீழே ஊர், ஊருணிப் பெயர், தேதி, பார்த்தவர் பெயர் போட்டு வையுங்கள். அடுத்த முறை நல்ல படம் கிடைக்கும்போது அந்தச் சீட்டை எடுத்துத் திருத்தினால் ஆயிற்று.